பெரட்டுக்கு நின்ற கம்ப்யூட்டர்கள்

ஒரு மெஷினைக்கூடப் போட்டுப் பார்க்காமல் எங்கள் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் அறையை மூடச் சொன்னவர் நீங்கள்தான்.

வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் 'நீங்கள்' என்பது வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து எங்கள் தோட்டப் பாடசாலைக்கு வந்த ஓர் அதிகாரியை. பெயர் போட மாட்டேன். போட்டால் பெயரைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், கேள்வி அமுங்கிப் போகும். எனக்குக் கேள்விதான் முக்கியம்.

இது முழுக்கத் திட்டு இல்லை. பெரும்பாலும் நன்றிதான். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை, அதனால் கொஞ்சம் கரடுமுரடாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுத்துக்கொள்ளாமல் வாசியுங்கள்.

நீங்கள் வந்த அன்று விடியற்காலையிலேயே மழை பிடித்துவிட்டது. தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மழை என்றால் பால் வெட்டு இல்லை. அதனால்தான் பெற்றோர் கூட்டத்துக்கு அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். வெயில் அடித்திருந்தால் பாதிக் கதிரைகள் காலியாக இருந்திருக்கும், நீங்கள் சொன்னதும் பாதிப் பேருக்குத்தான் கேட்டிருக்கும். மழைக்கும் ஒரு நன்றி.

நீங்கள் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றீர்கள். உள்ளே ஈரவாடை அடித்ததால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டீர்கள். தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"நெட்வொர்க் இருக்கா?"

"இல்லைங்க சேர். ஆனா மெஷின் எல்லாம் ஓடுதுங்க. போட்டுக் காட்டவா?"

"தேவையில்ல."

பிறகு மண்டபத்தில் மைக்கைப் பிடித்தீர்கள். நெட்வொர்க் இல்லாத அறையைக் கணினி அறையாகப் பதிய முடியாது என்றீர்கள். அடுத்த பாடசாலைத் தவணை தொடக்கத்தில் திரும்ப வருவதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் மெஷின்களைக் கழித்துவிட்டு அறையைக் களஞ்சியமாக்க எழுதிவிடுவதாகவும் சொன்னீர்கள். அதுவரை சரி. சட்டம் அப்படி இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. மைக்கை அமர்த்திவிட்டு, பக்கத்தில் நின்ற கிளார்க்கிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னீர்கள்.

"மே லமயின்ட மொகடத நெட்வொர்க்? கொஹொமத் கிரி கபன்ன தமய் யன்னே."

இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு நெட்வொர்க், எப்படியும் பால் வெட்டத்தானே போகப்போகிறார்கள் என்று அர்த்தம். நீங்களும் தமிழர்தான், வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் தெரியாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிவர சிங்களக் கிராமங்கள். நாங்கள் சந்தையில் விலை பேசுவது சிங்களத்தில், ஆஸ்பத்திரியில் நோய் வருத்தம் சொல்வது சிங்களத்தில், பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை பிடிப்பதும் சிங்களத்தில். முன்வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது.

என் பக்கத்தில் அண்ணி இருந்தாள். என் அண்ணன் மனைவி, அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அவள் மகள் அந்த அறையில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"கேட்டியா புள்ள?"

"கேட்டேன். இப்ப எந்திரிச்சு..."

எழும்பப் போன என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "ஒக்காரு. இப்ப நீ வாயத் தொறந்தா அந்தாளு இன்னிக்கே பூட்டிட்டுப் போயிருவாரு. மொதல்ல அறையக் காப்பாத்து. பொறகு எம்புட்டு வேணும்னாலும் கத்து."

அதுதான் இப்போது கத்துகிறேன். அன்று வாயை மூடிக்கொண்டதற்கு அண்ணிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அறை போனால் என்ன ஆகும் என்று வெளியாட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அறை இல்லையென்றால் பாடம் இல்லை. அந்தப் பாடம் தமிழில் உள்ள அடுத்த பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பையன்களை அனுப்புவார்கள், பெட்டைப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். அண்ணன் மகளைப் போன்றவர்கள் பாதியில் வேறு பாடத்துக்கு மாறுவார்கள். நான் படித்த காலத்தில் அந்த அறையே கிடையாது. மேசையில் தாளை விரித்து கீபோர்ட் வரைந்து விரல் வைத்துப் பழகியவள் நான். அந்த இடத்துக்கு அவர்கள் திரும்பிப் போகக்கூடாது.

மெஷின்கள் எப்படி வந்தன என்று சொல்கிறேன். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. லொறியில் ஏற்றி யாரோ புண்ணியவான் அனுப்பினான். எல்லாம் பழசு. கடையில் எல்லாருக்கும் போட்டுக்கொடுக்கிற பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அதில் போட்டால் தேநீர் குடித்துவிட்டு வரும்வரை திரை நீலமாகவே நிற்கும். நான் அவிசாவளையில் ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். தினம் பஸ்ஸில் போய் வருகிறவள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, பழைய மெஷின்களுக்கென்றே எழுதப்பட்ட மிகச் சின்ன சிஸ்டம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டேன். வேறொரு குளிர்நாட்டில் பஸ் கராஜில் வேலை செய்கிற ஒரு மனுஷன், ஓய்வு நேரத்தில் தனியாக எழுதியது. இலவசம். பழைய பென்டிரைவ் ஒன்றில் பாதி இடம்கூடப் பிடிக்காது. சுவிட்சைப் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் எழுந்து நிற்கும். எழுதலாம், படம் வரையலாம், சின்னப் புரோகிராம் எழுதி ஓட்டலாம். பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது.

நெட்வொர்க் மட்டும் கிடையாது. எழுதியவர் வேண்டுமென்றே விட்டிருந்தார். 'இது சின்னதாகவே இருக்கட்டும்' என்று எழுதி வைத்திருந்தார்.

கூட்டம் முடிந்த மறுநாள் அவருக்கு எழுதினேன். என் இங்கிலீஷ் கோடரி போன்றது, வெட்டத்தான் தெரியும். உங்கள் சிஸ்டம் நல்லது, ஆனால் நெட்வொர்க் இல்லையென்றால் எங்கள் பாடசாலையில் அறையைப் பூட்டுகிறார்கள், அப்படியென்றால் இது ஒரு விளையாட்டுச் சாமான்தானா என்று கேட்டேன். அனுப்பின பிறகு கொஞ்சம் கூசியது. இலவசமாகக் கொடுத்தவரிடம் சண்டை பிடித்திருக்கிறேன்.

சில நாள் போனது. பிறகு பதில் வந்தது. நீங்கள் சொல்வது சரி, எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது, எழுதலாம் வாருங்கள் என்றார். ஆனால் தனியாக எழுதித் தர முடியாது, உங்கள் மெஷினில் உள்ள நெட்வொர்க் கார்ட் என்னிடம் இல்லை, நீங்கள் பார்த்துச் சொல்லிக்கொண்டே வரவேண்டும் என்றும் எழுதினார். நீங்களோ ஒரு மெஷினைப் போட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை என்றீர்கள். கடல் தாண்டி ஒரு மனுஷன், முகம் தெரியாதவளுக்கு, திட்டினவளுக்கு, நேரம் ஒதுக்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த வேலை கார்ட் தேடுவது. வந்த மெஷின்களில் பாதியில் நெட்வொர்க் கார்ட் இல்லை, மீதியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். விதத்துக்கு ஒரு டிரைவர் எழுத வேண்டும். டிரைவர் என்றால் அந்தக் கார்டோடு சிஸ்டம் பேசுவதற்கான புரோகிராம். எல்லாவற்றுக்கும் ஒரே விதக் கார்ட் இருந்தால் ஒரு டிரைவர் போதும். கடை முதலாளியிடம் போய் நின்றேன். அவர் சிங்களவர். பக்கத்து ஊர்க்காரர். நல்ல தமிழ் பேசுவார், கோபமோ அவசரமோ வந்தால் மட்டும் சிங்களம்.

"முதலாளி, பின்னால கழிச்ச சாமான் பெட்டியில பச்சைக் கார்ட் கெடக்கே, ஒரே மாதிரி. அது வேணும்."

"எத்தனை?"

"இருக்கிறது எல்லாம்."

"ஓயாட்ட பிஸ்ஸுத நங்கி? அதுக்கு டிரைவர் இல்ல, ஒண்டும் இல்ல."

"பைத்தியந்தான். டிரைவர் நாங்க எழுதுறோம்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தானே பின்னறைக்குப் போய்ப் பெட்டியை இழுத்து வந்து மேசையில் கவிழ்த்தார். தூசி பறந்தது. கார்டோடு சேர்த்து ஒரு சுருள் கேபிளும், எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்க்கிற சுவிட்ச் பெட்டியும் எடுத்து வைத்தார். "கனின், கனின், எடுத்துக்கிட்டுப் போ. இங்க கெடந்தா எலி தின்னும்" என்றார். கடையில் ஒரு மூலை மேசையை எனக்கு விட்டுக்கொடுத்தார். மத்தியானத்துக்குப் பிறகு ஆள் குறைவு, அப்போது எழுது என்றார். நான் அவருக்கு வாயால் நன்றி சொன்னதே இல்லை. இங்கே சொல்கிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

வேலை லேசாக இருக்கவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் செய்யும்போதே ஓர் எண் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். முதல் வேலை அந்த எண்ணைக் கார்டிடம் கேட்டு வாங்குவது. நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில், எல்லா இடத்திலும் 255. ஆள் இல்லாத வீட்டில் கதவு தட்டினால் வருகிற பதில் அது. கார்ட் எங்கே குந்தியிருக்கிறது என்று மெஷினிடம் முதலில் விசாரித்து, அந்த இடத்தில் போய்க் கேட்கவேண்டும் என்று பஸ் கராஜ்காரர் எழுதி விளக்கினார். கேட்டேன். எண் வந்தது. கார்டின் மேல் ஒட்டியிருந்த தாளிலும் அதே எண். நான் கத்தின கத்தலில் முதலாளி வந்து வயர் அடித்துவிட்டதா என்று என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

அடுத்தது அனுப்புவது. அனுப்பியது. கார்டில் இருந்த சின்ன விளக்கு சிமிட்டியது. வாங்குவதுதான் வரவில்லை. விளக்கு சிமிட்டுகிறது, செய்தி கார்ட் வரைக்கும் வருகிறது, ஆனால் மெஷினின் மெமரியில் ஒன்றும் விழவில்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், அதிலேயே போனது. அவருக்கு எழுதுவேன், அவர் இதைப் பார் அதைப் பார் என்பார், நான் பார்த்து இல்லை என்பேன். இரண்டு பேரும் இருட்டில் ஒரே சுவரைத் தடவிக்கொண்டிருந்தோம். ஒருநாள், எங்கள் கராஜ் குப்பையில் அதே கார்ட் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதினார். அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. கார்ட் தானாக மெமரியில் எழுதுவதற்கு மெஷின் அனுமதி கொடுக்கவேண்டும், அந்த அனுமதி மூடிக் கிடந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் பூச்சியத்தை ஒன்றாக்கினோம். செய்தி வந்து விழுந்தது.

இடையில் இடி வேறு. எங்கள் பக்கத்தில் மத்தியானம் தாண்டினால் வானம் கறுக்கும். முதலாளி "அகுணு! அகுணு!" என்று, இடி வருதென்று சிங்களத்தில் கத்திக்கொண்டே மெயின் சுவிட்சை அமர்த்துவார். சேமிக்காத வேலை போய்விடும். முதலில் பல்லைக் கடித்தேன். பிறகு நெட்வொர்க் வயரையும் கழற்றச் சொன்னார். கரண்ட் வயரை எல்லாரும் கழற்றுவார்கள், இந்த வயரை மறந்துவிடுவார்கள், இடி இதன் வழியாகவும் வரும் என்றார். பாடசாலை அறையிலும் அதையே பழக்கினேன். இன்றுவரை ஒரு கார்டும் போகவில்லை.

டிரைவர் ஆனதும் அதன் மேல் பேச்சு முறை எழுத வேண்டும். நெட்வொர்க்கில் ஒரு மெஷின் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புவதற்கு முன், இந்த முகவரி யாருடையது என்று எல்லாரையும் பார்த்துச் சத்தமாகக் கேட்கும். உரிய மெஷின், நான்தான், என் கார்ட் எண் இது என்று பதில் சொல்லும். பிறகுதான் செய்தி போகும். பெரிய பகுதிகளைப் பஸ் கராஜ்காரர் எழுதினார். இந்தக் கேள்வி பதில் பகுதி சின்னது, நீங்களே எழுதுங்கள் என்று என்னிடம் விட்டார். எழுதினேன். கடையில் இரண்டு மெஷின்களை இணைத்தேன். ஒன்று கூப்பிட்டது, மற்றது பதில் சொன்னது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தடவையும் தவறவில்லை. முதலாளி எல்லாருக்கும் பிளேன்டீ சொன்னார்.

தவணை தொடங்கியது. திங்கட்கிழமை நீங்கள் வருவதாகத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுப் பாடசாலைக்குப் போனேன். டீச்சரும் நானும் வயர் இழுத்தோம். டீச்சர் வேதக்காரர், ஒவ்வொரு மெஷினையும் போடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று தூறல் இல்லை, கொட்டுகிற மழை, பால் வெட்டு இல்லாததால் அண்ணியும் வந்திருந்தாள். கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து எல்லா மெஷினுக்கும் பூசினாள்.

"டீச்சர், ஒங்க பக்கமும் சொல்லியாச்சு, எங்க பக்கமும் சொல்லியாச்சு. இனி ஓடலன்னா நம்ம நாத்துனாதான் பொறுப்பு."

ஏற்பாடு இதுதான். டீச்சரின் லெப்டொப்பில் டொங்கிள் மூலம் இன்டர்நெட் வரும். அதில் இறக்கிய கடந்தகால வினாத்தாள்களை அவர் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி வைப்பார். எங்கள் சின்ன சிஸ்டத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது, படம் தெரியும். பழைய மெஷின்கள் நெட்வொர்க் வழியாக அந்தப் படங்களைக் கேட்டு வாங்கும்.

முதல் மெஷினில் வினாத்தாள் வந்தது. டீச்சர் கை தட்டினார். இரண்டாவதை இணைத்தோம். படம் பாதியில் நின்றது. மூன்றாவதையும் இணைத்ததும் ஒன்றிலும் ஒன்றும் வரவில்லை. வயரை மாற்றினேன். சுவிட்ச் பெட்டியைத் திருப்பி வைத்தேன். கார்டுகளைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். எல்லாவற்றையும் கழற்றி லெப்டொப்பும் ஒரு மெஷினும் மட்டும் வைத்தால் ஓடுகிறது. இன்னொன்று வந்தால் குழம்புகிறது. பின்னேரம் ஆகிவிட்டது. கேட்டைப் பூட்ட ஆள் வந்து நின்றார். அண்ணி திருநீற்றுச் சம்புடத்தை மூடினாள்.

பஸ் கராஜ்காரருக்கு எழுதினேன். பதில் இல்லை. அவரும் மனுஷன்தானே, சனி ஞாயிறு அவருக்கும் உண்டு.

சனிக்கிழமை வெயில். அண்ணி விடியவே பெரட்டுக்குப் போனாள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிடுவது. களத்தில் எல்லாரும் நிற்க, கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார், ஆள் பதில் கொடுத்தால்தான் அன்றைக்குப் பேர் விழும், சம்பளம் கிடைக்கும். மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது முகம் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சோற்றில் கை வைத்திருந்தேன். வாளியை வாசலில் ணங்கென்று வைத்தாள்.

"இன்னிக்கு பெரட்டுல நடந்த கூத்தக் கேளு. அடுத்த வீட்டுக் காம்பராக்காரி, புள்ளைக்குக் காய்ச்சல்னு வர லேட்டு. கங்காணி பேரக் கூப்பிட்டாரு. நான் சும்மா, வாரான்னு சொன்னேன்."

"வழக்கமாச் சொல்றதுதானே."

"ஆமா. அந்தப் பக்கம் ஒருத்தி, அந்தா வாரான்னு கத்துறா. பின்னால இன்னொருத்தி, மலைக்குப் போயிட்டா, மூணாம் நம்பர்ல வெட்டிக்கிட்டு இருக்கான்றா! மேற்பார்வைக்கு வந்த புது ஐயா நின்னாரு பாரு, அவருக்குக் கோவம் வந்திருச்சு. ஒரு பேரக் கூப்பிட்டா எத்தன பேருடி பதில் சொல்லுவீங்கன்னு கேட்டு, அவ பேர வெட்டிட்டாரு. ஒரு வாய் போதும்ல? எல்லாரும் எதுக்கு வாயத் தொறக்கணும்?"

நான் எழுந்துவிட்டேன். கை கழுவினேனா என்று ஞாபகம் இல்லை.

"ஏ புள்ள, எங்க ஓடுற? சோறு!"

"ஸ்கூலுக்கு."

"பாரு, கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டவ போறா" என்று அண்ணனிடம் அவள் சொன்னது பின்னால் கேட்டது.

டீச்சர் வீட்டில் சாவி வாங்கி அறையைத் திறந்து, நான் எழுதிய பகுதியைத் திரையில் எடுத்தேன். அப்படியேதான் இருந்தது. இந்த முகவரி யாருடையது என்று யார் கேட்டாலும், நான்தான் என்று பதில் சொல்ல எழுதியிருக்கிறேன். கேட்டது என் முகவரியைத்தானா என்று பார்க்கவேயில்லை. இரண்டு மெஷின் மட்டும் இருக்கும்போது அது தெரியாது. ஒன்று கேட்டால் மிஞ்சியிருப்பது ஒன்றுதான், அது சொல்கிற பதில் சரியாகத்தான் இருக்கும். அறை நிறைய மெஷின் இருந்தால், ஒரு பேரைக் கூப்பிட்டவுடன் அத்தனையும் வாயைத் திறக்கும். லெப்டொப் யாருடைய பதிலை நம்பும்? கடைசியாகக் கத்தினவனை நம்பி, ஒருவனுக்குரிய வினாத்தாளை இன்னொருவனுக்கு அனுப்பியது. அவன் எனக்கில்லை என்று கீழே போட்டான்.

ஒரு வரி சேர்த்தேன். கேட்டது என் முகவரி இல்லையென்றால் வாயை மூடு. அவ்வளவுதான்.

எல்லா மெஷினுக்கும் மாற்றிப் போட்டு, ஒவ்வொன்றாக இணைத்தேன். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நிற்கவில்லை. கடைசி மெஷின் வரைக்கும் வினாத்தாள் வந்து நின்றது. அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சரியாக அந்த நேரம் அண்ணி சோற்றுத் தட்டை இன்னொரு தட்டால் மூடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று திரைகளைப் பார்த்தாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகுதான் வாய் வந்தது.

"என் திருநீறுதான் வேல செஞ்சிருக்கு."

"ஒன் வாய்தான் வேல செஞ்சிச்சு அண்ணி."

இதைப் பற்றி நான் கொஞ்சம் யோசித்தேன். பஸ் கராஜ்காரரிடம் பிழையைச் சொன்னபோது, அந்த இடத்தை நானும் பார்த்தேன், எனக்கும் படவில்லை, எப்படி இப்படி எழுதத் தோன்றியது என்று கேட்டார். பெரட்டைப் பற்றி விளக்கி எழுதினேன். வராதவளுக்காக வந்தவள் பதில் சொல்கிற இடத்தில் வளர்ந்தவள் நான். நான் பிறந்த காலையில் அம்மாவால் பெரட்டுக்குப் போக முடியவில்லை. யாரோ ஒருத்தி வாரான்னு சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அம்மாவின் பேர் வெட்டுப்படாமல் இருந்திருக்கிறது. அது யார் என்று அம்மாவுக்கே கடைசிவரை தெரியாது. எனக்காகப் பதில் சொன்ன முதல் ஆள் அவள். அந்தப் பழக்கத்தை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டருக்கு ஆகாது, மனுஷருக்கு ஆகும். அவர் நான் சேர்த்த அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: ரப்பர் தோட்டத்தில் இந்த வரி தேவையில்லை, இங்கே தேவை. இப்போது அந்தப் பச்சைக் கார்ட் வைத்திருக்கிற யாரும், எந்த நாட்டில் இருந்தாலும், அந்தச் சிஸ்டத்தைப் போட்டால் நெட்வொர்க் வரும்.

திங்கட்கிழமை நீங்கள் வந்தீர்கள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்தீர்கள். அண்ணன் மகள் இருந்த மெஷினுக்குப் பின்னால் நின்றீர்கள். அவள் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் வினாத்தாளைத் திறந்து, அடுத்த பக்கத்துக்குப் போய், கணக்கைத் தாளில் செய்யத் தொடங்கினாள்.

"இது யார் செஞ்சது?"

டீச்சர் என்னைக் காட்டினார். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள். நல்லது என்றீர்கள். அறையைப் பதிந்தீர்கள். சொன்ன சொல்லை மாற்றவில்லை, அதற்கு நன்றி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நெட்வொர்க் இல்லாமல் அது முழு அறை இல்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் பிள்ளைகள் படம் வரைந்தால் போதும் என்று இருந்திருப்பேன். அந்த நன்றியும் உங்களுக்கு உண்டு. வேண்டாவெறுப்பாகத்தான் சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை.

அதற்குப் பிறகு மண்டபத்துக்குப் போய் மைக்கைப் பிடித்து, எமது அலுவலகத்தின் முயற்சியினால் இந்தத் தோட்டப் பிள்ளைகளுக்கு இவ்வசதி கிடைத்திருக்கிறது என்றீர்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பேர் யாருக்குப் போனாலும் எனக்குக் கவலை இல்லை. பஸ் கராஜ்காரருக்குப் பேரே கிடையாது, முதலாளி பேரை யாரும் கேட்கவில்லை, டீச்சர் பேரை நீங்கள் சொல்லவில்லை. அவர்களுக்கு அறை இருக்கிறது என்பதே போதும்.

எனக்கு மட்டும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அண்ணி அறையைக் காப்பாற்றின பிறகு கத்து என்றாள். அறை இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் வரத்தான் போகிறீர்கள். அன்றைக்கு மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் எல்லாரும் வருவார்கள், பேர் வெட்டுப்பட்டாலும் வருவார்கள், அதை நாங்கள் பேசிவிட்டோம். நீங்கள் மைக்கை அமர்த்திவிட்டுக் கிளார்க்கிடம் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. கேள்வியை நீங்கள்தான் கேட்டீர்கள், பதிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்காகப் பாடசாலை அதிபரோ கிளார்க்கோ எழுந்து 'வாரார்' சொல்ல நாங்கள் விடமாட்டோம். அந்தப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்திருப்போம். மைக்கைப் போட்டு, தமிழில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்:

இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு நெட்வொர்க்?